ஒன்பது ஹத்தாத்துகளும் ஒரு கையும்

அத்தியாயம் 6

யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்குப் பின்னால், ஒரு போட்டோக்கொப்பிக் கடையின் மேல்மாடியில், ‘பிரகாஸ் புலனாய்வகம்’ என்று ஒரு பலகை தொங்கும். பதினொரு வருட அனுபவம். அதில் பத்து வருடம் மாப்பிள்ளை குடிப்பாரா என்று பார்த்ததில் போனது. மிச்ச ஒரு வருடம் காணாமற்போன சைக்கிள்களைத் தேடியதில் போனது. ஒரு சைக்கிளும் கிடைக்கவில்லை. அதில் ஒன்று பிரகாசுடையது.

ஆகவே அந்தச் சனிக்கிழமை காலை, பருத்தித்துறையில் ஆழ்வாப்பிள்ளை ஐயா தன் வீட்டு விறாந்தையில் இருத்தி வைத்து, “தம்பி, ஒரு அரபுப் பேரின்ரை பூர்வீகம் கண்டுபிடிக்கவேணும்” என்றபோது, பிரகாசின் நெஞ்சு இரண்டு அங்குலம் விரிந்தது. கடைசியில் மூளைக்கு ஒரு வேலை வந்துவிட்டது. பக்கத்தில் இருந்த உதவியாளர் அருந்ததியைப் பெருமையோடு பார்த்தான். அந்த மூளையை எங்கே போய்த் தேடுவது என்ற கவலை அவள் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது.

“என்ரை மகன் தேனுஜன் ஒரு பிள்ளையை விரும்பியிட்டான்,” என்றார் ஆழ்வாப்பிள்ளை. “தாரிகா. நல்ல பிள்ளை. கச்சேரியிலை அரசாங்க வேலை. மயிலிட்டிப் பக்கத்து ஆக்கள், எங்களைப்போலக் கடலோடின குடும்பம், சைவம். எல்லாம் சரி. ஆனா பேர்தான்…”

பிறப்புச் சான்றிதழின் பிரதியை நீட்டினார். ஹத்தாத் தாரிகா என்று இருந்தது. கூடவே அவளுடைய சின்னப் படம் ஒன்றும் இருந்தது.

“எனக்கு ஒரு பிரச்சினையும் இல்லைத் தம்பி. சனம் கேக்குமல்லோ. என்ரை தங்கச்சியவை இப்பவே கேக்கினம். வாற வெள்ளிக்கிழமை தாலிக்குப் பொன்னுருக்கு. அதுக்கு முதல் உந்தப் பேர் எங்கையிருந்து வந்தது எண்டு தெரியவேணும். தெரியாட்டில் பொன்னுருக்கும் இல்லை, கலியாணமும் இல்லை.”

“பொம்பிளையிட்டையே கேட்டிருக்கலாமே ஐயா?” என்றாள் அருந்ததி.

“கேட்டனான். அப்பாவின்ரை பேர் எண்டா. அதுக்கு மேலை கேக்க, பேருக்கு விளக்கம் குடுக்கிறேல்லை எண்டிட்டா. தாய் தேப்பன் ரெண்டு பேரும் இப்ப இல்லை. ஒண்டு சொல்லிப்போட்டன் தம்பி, நீங்கள் பொம்பிளை பகுதி வீட்டு வாசலை மிதிக்கக்கூடாது. எங்களுக்கு மரியாதைக்கேடு.”

பிரகாஸ் குறிப்புப் புத்தகத்தைத் திறந்து ‘தந்தை வழிக் குடும்பப்பெயர்’ என்று எழுதி, கீழே இரண்டு கோடு போட்டான். பெண் வீட்டில் எத்தனை பேர், எங்கே இருக்கிறார்கள் என்று அருந்ததி கேட்க வாயெடுத்தாள். அவன் கையால் தடுத்தான். விவரம் கூடினால் சிந்தனை கலங்கும் என்பது அவனுடைய தொழில் நெறி.

எழும்பும்போதுதான் சுவரில் இருந்த படத்தைக் கண்டான். பழைய கறுப்பு வெள்ளைப் படம். மெலிந்த ஒரு மனிதர் ஸ்டூடியோத் திரைச்சீலைக்கு முன்னால் நிற்கிறார். அவருடைய தோளில் ஒரு கை. கை மட்டுந்தான். சின்ன விரலில் தடித்த மோதிரம். மணிக்கட்டுக்கு முன்னமே படம் முடிந்துவிடுகிறது. கண்ணாடியின் மேல், கை இருக்கும் இடத்தில், புதுச் சந்தனப் பொட்டு.

“என்ரை அப்பர் வல்லிபுரம்,” என்றார் ஆழ்வாப்பிள்ளை. குரல் தானாகத் தாழ்ந்தது. “ஐம்பத்தைஞ்சிலை கப்பல் உடைஞ்சு மூண்டு நாள் கடலிலை மிதந்தவர். எங்கடை விஷ்ணு கோயில் ஆழ்வார்தான் கைகுடுத்துத் தூக்கினவர். படம் எடுத்தாப் பிறகு பாத்தால், தோளிலை அந்தக் கை. மோதிரத்தைப் பாருங்கோ, அது சக்கரத்தின்ரை அடையாளம். அடுத்த வருசம் நான் பிறந்தன். அதுதான் எனக்கு ஆழ்வாப்பிள்ளை எண்டு பேர். சனிக்கிழமை தவறாமல் கைக்குச் சந்தனம் வைக்கிறனாங்கள்.”

பிரகாஸ் கும்பிட்டான். அருந்ததி கும்பிட்டுவிட்டு, படத்தின் பக்கவாட்டில் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“பிரேம் ஒரு பக்கம் பொம்மி வெளியிலை தள்ளிக்கொண்டு நிக்குதண்ணை,” என்றாள் வாசலில்.

“நாங்கள் தச்சுவேலைக்கு வரேல்லைப் பிள்ளை,” என்றான் பிரகாஸ்.

மோட்டார் சைக்கிளை அருந்ததிதான் ஓட்டுவாள். பிரகாசுக்கு அனுமதிப்பத்திரம் உண்டு, சமநிலைதான் இல்லை. பின்னால் இருந்தபடி கைப்பேசியில் குடும்பப்பெயர்களின் பரம்பலைச் சொல்லும் ஓர் இணையத்தளத்தைத் திறந்து, காற்றோடு போட்டி போட்டு வாசித்தான்.

“ஹத்தாத். அரபுச் சொல். கொல்லன், இரும்படிக்கிறவன் எண்டு அர்த்தம். லெபனான், சிரியா, அல்ஜீரியா எல்லாம் நிறைய இருக்கினம். இலங்கையிலை எத்தினை பேர் தெரியுமே? ஒன்பது! ஒன்பது பேரும் வடக்கிலை! இது பெரிய கதை பிள்ளை. நல்லூர் அரசன்ரை குதிரையளுக்கு லாடம் அடிக்க அரேபியாவிலையிருந்து ஒரு கொல்லன் வந்திருக்கிறான். அவன்ரை சந்ததி மதம் மாறி, கடலுக்குப் போய், நானூறு வருசமாப் பேரை மட்டும் விடாமல் வைச்சிருக்கு.”

“நானூறு வருசத்திலை ஒன்பது பேர்தானோ? நல்ல குடும்பக் கட்டுப்பாடு.”

“பொம்பிளை வீட்டுக்குப் போகாமல், மிச்ச எட்டுப் பேரிலை ஒருத்தரைப் பிடிச்சு விசாரிக்கிறம். ஐயாவின்ரை கட்டளையும் மீறப்படாது, விசயமும் வந்திடும்.” தன்னுடைய தந்திரத்தை நினைக்க அவனுக்கே புல்லரித்தது.

ஒரு ஹத்தாத்தை அருந்ததி, வண்டியை ஓரங்கட்டி, முகநூலில் பத்து நிமிடத்தில் பிடித்துவிட்டாள். கொடிகாமம் சந்தைக்குப் பக்கத்தில், ‘ஹத்தாத் தனோஜன், மரக்கறி மொத்த வியாபாரம்’. ஆளுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். பயற்றங்காய்க் கட்டுகளைத் தராசில் ஏற்றிக்கொண்டிருந்தான்.

“உங்கடை முன்னோர் இரும்படிச்சவையோ?” என்று பிரகாஸ் நேராகவே தொடங்கினான்.

தனோஜன் அவனை மேலும் கீழும் பார்த்தான். “எங்களிட்டை இருக்கிற இரும்பு இந்தப் படிக்கல்லு மட்டுந்தான்.”

“குதிரை?”

“என்ன குதிரை?”

“சரி, அதை விடுங்கோ. இந்த நாட்டிலை ஹத்தாத் எண்ட பேரோடை எத்தினை பேர் இருக்கினம் எண்டு உங்களுக்கு ஏதும் தெரியுமோ?”

“ஒன்பது,” என்றான் தனோஜன், தராசிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பிரகாஸ் அருந்ததியின் முழங்கையைத் தட்டினான். இணையத்தளமும் ஒன்பது என்கிறது, சந்தை வியாபாரியும் ஒன்பது என்கிறார். என்ன துல்லியம்! பேரின் வரலாற்றைத் தலைமுறை தலைமுறையாக மனப்பாடம் செய்து வருகிறார்கள் போலும்.

“பூர்வீகம் எல்லாம் எனக்கு வடிவாத் தெரியாதண்ணை,” என்றான் தனோஜன். “கொழும்புத்துறையிலை குணலட்சுமியக்காவைக் கேளுங்கோ. பழைய சாமான், படம், கடதாசி எல்லாம் அவவிட்டைத்தான். போறனியள்தானே, இந்த முருங்கைக்காய்க் கட்டை ஒருக்கா அவவிட்டைக் குடுத்துவிடுங்கோ.”

முருங்கைக்காய் நீளமானது. மோட்டார் சைக்கிளின் பின்சீற்றில் இருப்பவனுக்கு இரண்டு கைதான் உண்டு. ஒன்றால் அருந்ததியின் இருக்கையைப் பிடித்து, மற்றதால் கட்டை அணைத்து, கைப்பேசியைப் பல்லில் கௌவியபடி, துப்பறிவாளர் பிரகாஸ் ஏ-ஒன்பது வீதி நெடுகப் பயணம் செய்தான்.

நாவற்குழியில் ரயில் கடவை மூடியிருந்தது. அருந்ததி எஞ்சினை நிறுத்தினாள்.

“அண்ணை, ஒரு சந்தேகம். கொடிகாமத்துச் சந்தையிலை ஒரு வியாபாரி ஆருக்கோ முருங்கைக்காய் சும்மா குடுத்துவிடுவாரோ?”

“ஒரே பரம்பரை எண்ட பாசம்.”

“பாசம் சரி. உங்கடை அடையாள அட்டையை ஒருக்கா எடுங்கோ.”

எடுத்தான். குகதாசன் பிரகாஸ்.

“முன்னுக்குக் கிடக்கிற குகதாசன் ஆர்?”

“என்ரை அப்பா.”

“பாஸ்போட்டிலை குடும்பப்பெயர் எண்ட இடத்திலை என்ன கிடக்கு?”

“குகதாசன்.”

“அப்ப அந்த இணையத்தளத்திலை குகதாசன் எண்டு தேடினால் ஒரு பெரிய பரம்பரை வருமல்லோ? உங்கடை அப்பாவின்ரை பிள்ளையள் எத்தினை பேர்?”

“நாலு,” என்றான் பிரகாஸ். சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது.

நல்லூர் அரசனும் குதிரையும் கொல்லனும் அவன் தலைக்குள்ளிருந்து ஒவ்வொருவராக இறங்கிப் போனார்கள். யாழ்ப்பாணத்தில் பிறந்து, யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, தேப்பன் பேரைத் தன் பேருக்கு முன்னால் நாற்பத்தாறு வருடமாகச் சுமக்கிற ஒருவன், இங்கே குடும்பப்பெயர் என்று ஒன்று இல்லவே இல்லை என்பதை ஓர் இணையத்தளத்தைக் கண்டதும் மறந்துவிட்டான். ஹத்தாத் என்பது பரம்பரை இல்லை. ஒரு மனிதர். அவருக்கு ஒன்பது பிள்ளைகள். அவ்வளவுதான். தாரிகா அதை ஒரே வரியில் சொல்லியிருந்தாள். அவனும் அதைத் தப்பாக எழுதிக் கோடு போட்டு வைத்திருந்தான்.

“அப்ப தனோஜன்…”

“பொம்பிளையின்ரை தமையன். குணலட்சுமி பொம்பிளையின்ரை தமக்கை. ஐயா போகவேண்டாம் எண்ட குடும்பத்திலை ஒரு ஆளைப் பாத்திட்டம். ரெண்டாவது ஆளிட்டைப் போய்க்கொண்டிருக்கிறம்.”

“வண்டியைத் திருப்பு!”

“முருங்கைக்காயை என்ன செய்யிறது?”

ரயில் போனது. கடவை திறந்தது. ஒருவர் நம்பிக் கொடுத்த முருங்கைக்காயோடு ஓடிப்போகிற அளவுக்குப் பிரகாஸ் இன்னும் கெட்டுப்போகவில்லை.

கொழும்புத்துறையில் கடலைப் பார்த்த வீடு. வேலியில் வலை காய்ந்தது. கதவைத் திறந்தவள் தாரிகா. படத்தில் கண்ட அதே முகம், ஆனால் படத்தில் இவ்வளவு கோபம் இருக்கவில்லை.

பிரகாஸ் தன் வாழ்க்கையிலேயே சிறந்த ஒரு பொய்யைத் தேடினான். அகப்பட்டது ஒரே ஒரு சொல்தான். “முருங்கைக்காய்,” என்றான்.

“தெரியும். தனோஜன் அண்ணை கோல் எடுத்துச் சொன்னவர். இரும்படிக்கிற ஆக்களைத் தேடி ஒருத்தர் வாறார், வெய்யிலிலை சுத்துறார் பாவம், தேத்தண்ணி குடுத்து அனுப்புங்கோ எண்டு. உள்ளை வாங்கோ. ஆழ்வாப்பிள்ளை மாமாதானே அனுப்பினவர்?”

“அது தொழில் ரகசியம், தங்கச்சி.”

“அப்ப அவர்தான்.”

உள்ளே மூத்தவள் குணலட்சுமி தேத்தண்ணியோடு வந்தாள். நாற்பத்தைந்து தாண்டியவள், நிதானமானவள். தாய் தேப்பன் போன பிறகு தங்கையை வைத்துப் பார்ப்பது அவள்தான். பிரகாஸ் மறைக்கவில்லை. மறைக்க ஒன்றும் மிச்சமில்லை. எல்லாவற்றையும், குதிரை உட்பட, ஒப்புக்கொண்டான்.

தாரிகா சிரிக்கவில்லை. “எங்கடை அப்பா தொண்ணூறிலை மயிலிட்டியை விட்டு வெளிக்கிட்டு, ஊர் ஊராத் திரிஞ்சு, வலை இழுத்து ஒன்பது பேரைப் படிப்பிச்சவர். நாலு வருசத்துக்கு முந்திச் செத்துப்போனார். இப்ப அவற்றை பேருக்கு நான் நற்சாட்சிப் பத்திரம் எடுத்துக் குடுக்கவேணுமாம். தேனுஜனை எனக்கு விருப்பம். உயிரெண்டே வைச்சுக்கொள்ளுங்கோ. அதுக்காக அப்பாவை விட்டுக்குடுக்கேலாது. விளக்கம் காட்டித்தான் அந்த வீட்டுக்குப் போகவேணுமெண்டால், அந்த வீடு எனக்கு வேண்டாம்.”

சொல்லிவிட்டு முகத்தை மறுபக்கம் திருப்பினாள். பிரகாஸ் பேனையைச் சட்டைப்பையில் செருகினான். பதினொரு வருடமாக அடுத்தவர் வீட்டுக் கதைகளை எழுதிக் கொடுத்தவனுக்கு, முதன்முதலாகத் தன் குறிப்புப் புத்தகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

“இவருக்கு எண்டாலும் காட்டுவம் தாரிகா,” என்றாள் குணலட்சுமி. “குதிரையோடை திரியிறார், பாவம்.”

“காட்டுங்கோ. ஆனா உது அந்த வீட்டுக்குப் போகக்கூடாது. ஃபோனிலை எடுக்கவும் கூடாது.”

குணலட்சுமி ஒரு பொலித்தீன் பையை எடுத்து வந்தாள். காணி உறுதிகளுக்கு நடுவில் ஒரு படம். பிரகாஸ் பார்த்தான். தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தான்.

மூன்று பேர் நிற்கிறார்கள். நடுவில் தலைத்துணி கட்டிய ஓர் அரபு மாலுமி, தாடிக்குள் சிரிப்பு. இடமும் வலமும் மெலிந்த இரண்டு தமிழர்கள். அரபுக்காரருடைய ஒரு கை இந்தத் தோளில், மற்றக் கை அந்தத் தோளில். ஒரு கையின் சின்ன விரலில் தடித்த மோதிரம்.

“வலப்பக்கம் நிக்கிறது எங்கடை அப்பப்பா சீவரத்தினம்,” என்றாள் குணலட்சுமி. “கப்பல் உடைஞ்சு, மூண்டாம் நாள் நடுவிலை நிக்கிற இவர்தான் அரபுக் கப்பலிலை வந்து தூக்கினவராம். கோழிக்கோட்டிலை கொண்டுபோய் இறக்கிவிட்டவராம், படமும் அங்கைதான் எடுத்தது. பேரைக் கேக்க, யூசுப் ஹத்தாத் எண்டிருக்கிறார். எங்கடை வழக்கத்திலை முன்னுக்கு வாறது தேப்பன்ரை பேர், பின்னுக்கு வாறதுதானே ஆளின்ரை பேர். அப்ப யூசுப் தேப்பன், ஆள் ஹத்தாத் எண்டு அப்பப்பா நினைச்சிட்டார். அடுத்த வருசம் அப்பா பிறக்க ஹத்தாத் எண்டு வைச்சிட்டார். அது அந்த மனுசன்ரை குடும்பப்பேர் எண்டு எங்களுக்கே பிறகுதான் விளங்கினது.”

பிரகாஸ் யோசித்தான். சீவரத்தினம் ஒரு குடும்பப்பெயரை ஆளின் பேர் என்று நினைத்தார். எழுபது வருடம் கழித்து, தான் ஓர் ஆளின் பேரைக் குடும்பப்பெயர் என்று நினைத்தான். வித்தியாசம் ஒன்றுதான். அந்த மனிதருக்கு இணையத்தளம் இருக்கவில்லை.

அருந்ததி படத்தைத் திருப்பினாள். பின்பக்கம் மங்கிய மையில் எழுத்து இருந்தது. ‘எங்கள் இருவருக்கும் பிறக்கும் மூத்த ஆண்பிள்ளைக்கு இவர் பேர். சத்தியம். சீவரத்தினம். வல்லிபுரம்.’

“இந்த வல்லிபுரம் ஆரெண்டு தெரியுமோ அக்கா?” என்று கேட்டாள்.

“பருத்தித்துறை ஆளாம். அதுக்குப் பிறகு எங்கடை பக்கம் வரவே இல்லையாம். ஏனெண்டு தெரியாது.”

தெரியாததில் குற்றம் இல்லை. மாப்பிள்ளையின் பேர் ஆழ்வாப்பிள்ளை தேனுஜன். அதில் தேப்பன் இருக்கிறார், பாட்டன் இல்லை. யாழ்ப்பாணத்துப் பேர் ஒரு தலைமுறைக்கு மேல் பின்னால் திரும்பிப் பார்க்காது.

பின்னேரம் பருத்தித்துறை விறாந்தையில், பிரகாஸ் எழும்பி நின்றுகொண்டே பேசினான். ஓடவேண்டி வந்தால் அதுதான் வசதி.

“ஐயா, நீங்கள் போகவேண்டாம் எண்ட இடத்துக்குப் போட்டன். என்னை ஏசுங்கோ. ஆனா நான் ஒரு சாட்சியும் கொண்டுவரேல்லை. கொண்டுபோகக்கூடாது எண்டு அந்தப் பிள்ளை சொல்லிப்போட்டா. விடை உங்கடை சுவரிலை கிடக்கு. அந்தப் பிரேமைக் கழட்டுங்கோ.”

ஆழ்வாப்பிள்ளையின் முகம் சிவந்தது. “என்ன கதை கதைக்கிறீர்? அது நாங்கள் கும்பிடுற படம்!”

“கும்பிட்டிட்டே கழட்டுவம் ஐயா,” என்றாள் அருந்ததி. “ஒரு பக்கம் பொம்மிக்கொண்டு நிக்குது. படம் அதிலை முடியேல்லை. மடிச்சிருக்கு.”

மடித்திராமல் வெட்டியிருந்தால் என்ன செய்வது என்று பிரகாஸ் அப்போதுதான் நினைத்தான். சைக்கிள் தேடும் தொழிலாவது கையில் இருக்கிறது.

ஆழ்வாப்பிள்ளை பிரேமின் பக்கவாட்டை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு கைகழுவிவிட்டு வந்து, படத்தை இறக்கி, பின்பக்கத்து ஆணிகளை ஒவ்வொன்றாக நெம்பினார். படம் வெளியே வந்தது. எழுபது வருடமாகப் பின்னால் மடிந்து கிடந்த பக்கம் மெல்ல நிமிர்ந்தது. கைக்கு ஒரு மணிக்கட்டு வந்தது. மணிக்கட்டுக்கு ஒரு தோள் வந்தது. பிறகு தாடியும் சிரிப்பும் வந்தன. அதற்கப்பால் சீவரத்தினம் நின்றார்.

ஆழ்வாப்பிள்ளை படத்தைத் திருப்பினார். அதே சத்தியம், அதே இரண்டு பேர். அதற்குக் கீழே, தகப்பனின் கையெழுத்தில் இன்னும் இரண்டு வரி. ‘ஹத்தாத், என்னைப் பொறுத்துக்கொள். என் பெண்சாதி பிள்ளைக்கு ஆழ்வார் பேர் வைப்பதாக நேர்ந்துவிட்டாள். வீட்டில் என்னால் வெல்ல முடியவில்லை. படத்தை வெட்டவும் மனம் வரவில்லை.’

“அப்ப…” ஆழ்வாப்பிள்ளை அந்த வரிகளை விரலால் தொட்டார். “அப்ப என்ரை பேர்…”

“ஓம் ஐயா,” என்றாள் அருந்ததி மெதுவாக. “உங்கடை மகன் ஹத்தாத் தேனுஜனா இருந்திருப்பார். பொம்பிளை பகுதிதான் உங்களை விசாரிக்க ஆள் வைச்சிருக்கவேணும்.”

பிரகாஸ் வாசல் பக்கம் ஓர் அடி பின்வாங்கினான். கிழவர் அடிக்க வரப்போகிறார் என்று நினைத்தான். அவர் கையை நீட்டினார், அடிக்க அல்ல. “அந்தப் பிள்ளையின்ரை நம்பரை எடும்,” என்றார்.

பிரகாஸ் கொழும்புத்துறையில் குறித்து வந்த எண்ணை அழுத்தி, ஒலிபெருக்கியில் போட்டுக் கொடுத்தான்.

“ஹலோ, ஆர் கதைக்கிறது?” என்றாள் தாரிகா.

ஆழ்வாப்பிள்ளை தொண்டையைச் செருமினார். “வல்லிபுரம் ஹத்தாத்,” என்றார்.

அந்தப் பக்கம் ஒரு கதிரை நகரும் சத்தம் கேட்டது.

“அப்பிடித்தான் எனக்கு வைச்சிருக்கவேணும் பிள்ளை. உன்ரை அப்பப்பா வாக்கைக் காப்பாத்தினார், என்ரை அப்பர் காப்பாத்தேல்லை. உன்னட்டை விளக்கம் கேக்க எனக்கு ஒரு தகுதியும் இல்லை. நான்தான் உங்களுக்குச் சொல்லவேணும். நாளைக்கு வரட்டோ?”

பிரகாஸ் தரையைப் பார்த்தான். அருந்ததி கைப்பேசியைப் பார்த்தாள். ஒரு நீண்ட மூச்சுக் கேட்டது. பிறகு, மூக்கை உறிஞ்சுகிற சத்தம்.

“வாங்கோ மாமா. ஆனா ஒன்பது பேரும் நிக்கிற நேரமாப் பாத்து வாங்கோ. ஒவ்வொருத்தரிட்டையும் தனித்தனியா மன்னிப்புக் கேக்கவேணும்.”

“கேக்கிறன்,” என்றார் ஆழ்வாப்பிள்ளை.

நிமிர்த்திய படம் பழைய பிரேமுக்குள் போக மறுத்தது. அதைச் சுவரோரம் சாத்தி வைத்தார். “ஆழ்வார் கைகுடுத்தவர்தான் தம்பி. கைக்குப் பின்னாலை ஒரு ஆளும் நிண்டிருக்கு,” என்றார் யாருக்கென்று இல்லாமல். பிறகு உள்ளே போய்ச் சந்தனக் கிண்ணத்தை எடுத்து வந்தார். வழக்கமான கையில் ஒரு பொட்டு வைத்தார். கொஞ்சம் யோசித்து, சீவரத்தினத்தின் தோளில் இருந்த மற்றக் கைக்கும் ஒன்று வைத்தார்.